புதன்கிழமைக்கு வேண்டிய வால்வு

வால்வு ரேடியோ கட்ட நினைக்கிற யாருக்காவது என் புத்திமதி தேவைப்பட்டால் ஒன்றே ஒன்று சொல்வேன்: ஞாயிற்றுக்கிழமையில் சோதித்துப் பார்த்து வால்வைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இதை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் யாரும் தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்து லயத்தில் குடியிருந்தவர்கள் இல்லை. நான் குடியிருந்தேன். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் போகிற ரோட்டில் எங்கள் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்லுவோம். அந்த ஸ்டோரில் மோட்டர்களுக்கு எண்ணெய் விடுவதும், பெல்ட் மாற்றுவதும், பியூஸ் போனால் போடுவதும் என் வேலை. அதற்காக ஸ்டோரை ஒட்டிய லயத்தில், அந்த நீள வரிசை வீட்டில், எனக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, கொடுத்திருந்தார்கள். ஸ்டோரிலிருந்து வயர் இழுத்து அந்த ஒரு லயத்துக்கு மட்டும் கரண்டும் கொடுத்திருந்தார்கள். மற்ற லயங்களில் மண்ணெண்ணெய் லாம்புதான். கீழே ஆற்றை மறித்து எடுக்கிற கரண்டு எங்கள் தலைக்கு மேலே கம்பியில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கும். நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொள்வோம். காம்பராவில் நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, அம்மா. அவர்கள் இருவரும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறவர்கள்.

நாலாவது ஆள் அக்கா. அவள் கட்டிய மாப்பிள்ளைக்குக் குடியுரிமை இந்தியா என்று எழுதி வந்துவிட்டது. எண்பத்துமூன்று கலவரத்துக்கு மறுவருஷம் கடைசிக் கப்பல்களில் ஒன்றில் புருஷனோடும் கைப்பிள்ளையோடும் ஏறிப் போய்விட்டாள். திருச்சிக்குப் பக்கத்தில் குடியேற்றினார்கள். எட்டு வருஷமாகக் கடிதம் மட்டும்தான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கடிதத்தை நான் வாசிப்பேன். வாசித்து முடித்ததும் அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு சேலை மடிப்புக்குள் வைத்துக்கொள்வாள்.

அப்படி வந்த ஒரு கடிதத்தில்தான் அந்தச் சேதி இருந்தது. அக்கா இருக்கிற இடத்தில் ஏதோ பெண்கள் சங்கம். அங்கே இவள் பாடுவதைக் கேட்டு, திருச்சியிலிருந்து வருகிற ரேடியோவில் பெண்கள் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பங்குனி மாதம் இரண்டாவது புதன்கிழமை, பகல் இரண்டேகால் மணிக்கு. ‘கொஞ்ச நேரம் பேசவும் சொல்வார்களாம். உங்களையெல்லாம் பற்றிச் சொல்வேன். அம்மாவைக் கேட்க வை தம்பி’ என்று எழுதியிருந்தாள்.

அம்மா அன்றைக்குக் கடிதத்தை முகரவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“கேக்க முடியுமா தம்பி? ஒரு தடவ அவ கொரலக் கேட்டுட்டேன்னா போதும். எட்டு வருசமாச்சு. கனவுல வர்றா, வாயி அசையுது, சத்தம் வர மாட்டேங்குது.”

“இது என்னாங்கம்மா பெரிய விசயம்? நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன் நான்.

இந்த வாய் இருக்கிறதே, எனக்குச் சத்துரு வெளியே யாரும் வேண்டாம். லயத்தில் இருந்த டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் அந்த ஸ்டேஷன் பொழுது சாய்ந்த பிறகுதான் கேட்கும். பகலில் சும்மா இரைச்சல். மலை மறைக்கிற இடம் எங்களுடையது. பகல் இரண்டேகாலுக்குத் திருச்சியை இழுத்துக்கொண்டு வர வேண்டுமென்றால் நல்ல கூர்மையான ரேடியோ வேண்டும். அப்படி ஒன்றைக் கட்ட என்னால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொழும்பில் ஒரு ரேடியோக் கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். கலவரத்தில் கடை எரிந்தபோது முதலாளி மிச்சம் கிடந்ததை ஆளுக்கொன்றாகக் கொடுத்து எங்களை ஊருக்கு அனுப்பினார். என் பங்குக்கு ஒரு பிஸ்கட் டின் நிறைய வால்வு. கரி படிந்து, புகை நாற்றத்தோடு.

அந்த டின்னை அன்றைக்குத்தான் இறக்கினேன். முப்பது, நாற்பது வால்வு இருக்கும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு கண்ணாடி. தலையில் வெள்ளிப் பூச்சுப் பளபளவென்று இருந்தால் உயிர் இருக்கிறது. அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பேன், உள்ளே எதுவும் கலகலக்கக் கூடாது. காலெல்லாம் நேராக இருக்க வேண்டும். இவ்வளவும் தேறினால்தான் பெயரைப் பார்ப்பது. பெயரின் முதல் எழுத்து அந்த வால்வுக்கு என்ன சாப்பாடு என்று சொல்லும். ‘ஈ’ என்று தொடங்கினால் கரண்டில் ஓடுகிற ரேடியோவுக்கு. ‘டி’ என்று தொடங்கினால் பேட்டரி ரேடியோவுக்கு. ஒரே ஒரு டோச் லைட் பேட்டரியிலேயே அதன் இழை சூடாகிவிடும். அந்தக் காலத்தில் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு வீடுகளில், கடைகளில் பெட்டி பெட்டியாக இருந்த ரேடியோவெல்லாம் அந்த ரகம்தான்.

நல்லதையெல்லாம் ஒரு துணியில் பரப்பி வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அடேயப்பா! அத்தனையும் பளிங்குபோல மின்னுகிறது. கரியும் இல்லை, புகையும் இல்லை. என் மனைவி லாம்புச் சிமினி துடைக்கிற சாம்பலையும் கடதாசியையும் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்திருந்தாள். வால்வின் மேலிருந்த எழுத்து, தொட்டாலே போகிற எழுத்து, சாம்பலோடு போய்விட்டது.

“ஏ புள்ள, என்னா வேல பாத்து வச்சிருக்க நீ?”

“ஏங்க, அழுக்கா இருந்துச்சு, தொடச்சேன். கண்ணாடின்னா தொடைக்கத்தானே வேணும்? வெளிச்சம் வர வேணாமா?”

“இது வெளிச்சத்துக்கா? பேரு போச்சு புள்ள, பேரு!”

“பேரு எழுதாத பொருளெல்லாம் வேல செய்யாதா? ஒங்க நெத்தியில பேரு எழுதியிருக்கா?”

கோபத்தில் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நானே போய் எடுத்துச் சாப்பிட்டேன். அது வேறு விஷயம். நல்லவேளை, கண்ணாடியில் வாயால் ஊதினால், பனி படிவதுபோல ஆவி படிந்து, அழிந்த எழுத்து மங்கலாகத் தெரியும். கொழும்புக் கடையில் நாங்கள் செய்கிற வேலைதான். ஊதி ஊதித் தலை சுற்றியது. பெரும்பாலானவை பெயரைச் சொல்லிவிட்டன. ஏழெட்டு மட்டும் எவ்வளவு ஊதினாலும் வாய் திறக்கவில்லை. அவற்றை டின்னில் போட்டு மூடிவிட்டேன்.

தேர்வு செய்யும்போது எனக்குக் குழப்பமே இல்லை. காம்பராவில் கரண்டு இருக்கிறது, பிறகு எதற்குப் பேட்டரி? ‘ஈ’ வால்வுகளில் மணி மணியாக நாலு எடுத்தேன். அவைதான் பலசாலி, சத்தமும் கணீரென்று இருக்கும். செந்தணல் நிறத்தில் எரியும், அழகுக்கும் குறைவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்தளம், தேயிலைப் பெட்டியின் ஈயத் தகட்டில் மறைப்பு. வேலை நாளில் ஸ்டோர் விட்டு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைப்பேன். சோதித்துப் பார்ப்பது ஞாயிறு பகலில். பகல் இரண்டேகாலுக்கு நான் வீட்டில் இருக்கிற நாள் அது ஒன்றுதானே.

முதல் ஞாயிறு முணுமுணுத்தது. வால்வு ஒன்றை மாற்றினேன். இரண்டாவது ஞாயிறு வயலுக்கு உரம் போடுவதைப் பற்றி யாரோ பேசுவது கேட்டது. இன்னொன்றை மாற்றினேன். மூன்றாவது ஞாயிறு, பகல் இரண்டு மணிக்கு, வெயில் காயும்போது, திருச்சி என் காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அறிவிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. லயமே வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், கூடிவிட்டது. அம்மா பெட்டியின் மேல் கை வைத்து அதன் சூட்டைத் தொட்டுப் பார்த்தாள். நான் இருந்த இருப்பைக் கேட்க வேண்டாம். தலை கூரையை இடித்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஞாயிறு மதியம்போல நான் சந்தோஷமாக இருந்த நாள் குறைவு.

கூட்டம் கலைந்த பிறகு, சட்டி கழுவிக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

“ஏங்க, மதினி பாடுறது புதன்கெழமதானே?”

“ஆமா.”

“புதன்கெழம ஸ்டோர் ஓடுமே?”

“ஓடட்டும். அதுக்கென்னா?”

“இல்ல, நான் மலைக்குப் போறதுக்கு முன்னாடி காலையில ஒருக்கா போட்டுப் பாத்தேன். ஒங்ககிட்ட சொல்லல. ஸ்டோருச் சாமி ரோதமுனி உறுமுற மாதிரி உறுமுச்சு. பயந்து நிப்பாட்டிட்டேன்.”

“எனக்கே நீ ரேடியோ சொல்லிக் குடுக்கிறியா?” என்று ஒரு சத்தம் போட்டேன். ஆனாலும் மறுநாள் பகல் தலைவலி என்று சொல்லிவிட்டு ஸ்டோரிலிருந்து ஓடி வந்து போட்டுப் பார்த்தேன். திருச்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொழுந்தைக் கசக்குகிற ரோலர்கள் ஓடத் தொடங்கியதும் வால்வுகளின் தணல் மங்கி, ஏறி, மறுபடி மங்கியது. மோட்டர்களின் நெருப்புப் பொறி ஒவ்வொன்றும் வயர் வழியாக ஏறி வந்து பெட்டிக்குள் கர்ர்ரென்று உறுமியது. அந்த மோட்டர்களுக்குத் தினமும் எண்ணெய் விடுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ஓடாது என்பதும் கரண்டு அன்றைக்குத்தான் சுத்தமாக வரும் என்பதும் எனக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். ஆனாலும் மண்டையில் ஏறவில்லை. மூன்று ஞாயிறும் மௌனமான ஸ்டோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உலகத்திலேயே சிறந்த வால்வைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மடையன்.

புதன்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. வெட்கத்தை விட்டுவிட்டு, ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயாவிடம் போய், அன்றைக்கு ஒரு கால் மணி நேரம் ரோலரை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். பங்குனியில் கொழுந்து மலைபோல வந்து குவிகிற நேரம்.

“ஒனக்குப் பைத்தியமா? கசக்குன கொழுந்து ஒங்க அக்கா பாடி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?” என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

ஸ்டோரின் உறுமல் எட்டாத இடம் மலை உச்சி மட்டும்தான். அங்கே கரண்டு இல்லை. அப்படியென்றால் பேட்டரி, அப்படியென்றால் ‘டி’ வால்வு. பெயர் சொன்ன வால்வுகளில் ‘டி’ ஒன்றுகூட இல்லை. பெயர் போன அந்த ஏழெட்டுக்குள் இருந்தால்தான் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு டோச் பேட்டரியைக் காலில் தொடுத்துப் பார்க்க வேண்டும். ‘டி’ வால்வாக இருந்தால் இழை சிவக்கும். ஆனால் தலைமுடியைவிட மெல்லிய இழை அது. சிவப்பதும் சிவக்காததும் வெளிச்சத்தில் தெரியாது. பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறை அன்று, பட்டப்பகலில், நானும் என் மனைவியும் தோட்டத்துக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தோம். நான் பேட்டரியைத் தொடுக்க, அவள் கண்ணை வைத்துப் பார்ப்பாள். அவளுக்குப் பார்வை என்னைவிடக் கூர்மை.

“தெரியுதா?”

“இல்ல.”

“இப்ப?”

“கொஞ்சம் தள்ளிக்கிங்க, மூச்சு முட்டுது. ஆங்! தெரியுது, தெரியுது! செவப்பா, எறும்பு கண்ணு மாதிரி!”

அந்த நேரம் பார்த்து அம்மா விறகுக் கட்டோடு உள்ளே வந்தாள். கம்பளிக்குள்ளே இரண்டு தலை. “ஐயோ, காலம் கெட்டுப் போச்சு சாமி! பகல்ல கூடவா?” என்று விறகை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினாள். என் மனைவி வெட்கத்தில் கம்பளியை விட்டு வெளியே வர மறுத்துவிட்டாள். வால்வு என்று சொல்லி அம்மாவை நம்பவைக்க நான் பட்ட பாடு!

எட்டில் மூன்று சிவந்தன. உள்ளே இருக்கிற தகட்டின் உருவத்தைப் பார்த்து எது எந்த வேலைக்கு என்று ஊகித்துக்கொண்டேன். மூன்றும் மெல்லிய வேலைக்காரர்கள். ஸ்பீக்கரை அதிரவைக்கிற நாலாவது இல்லை. அதைத் தேடி ஹட்டனுக்குப் போனேன்.

ஹட்டனில் ரேடியோ பழுது பார்க்கிற ஒரு சிங்கள பாஸ் இருந்தார்; கைத்தொழில்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். என் வயதுதான் இருக்கும். என் மூன்று வால்வையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சிரித்தார், தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டார்.

“மல்லி, இது எல்லாம் எங்கட அப்பா காலத்து சாமான் தானே. ஸ்பீக்கர் வால்வு இப்ப ஒரு எடத்திலயும் இல்ல. ஒரு வேல செய்யிங்க, ஸ்பீக்கர் வாணாம். காதுல போடுற போன் தாறன். அதுக்கு மூணு போதும்.”

யோசித்துப் பார்த்தேன். அம்மா கேட்டால் போதுமே, லயம் எதற்கு? பழைய இரும்புப் பட்டியோடு கனத்த ஒரு ஹெட்போனைத் தூசி தட்டிக் கொடுத்தார். ‘டி’ வால்வுக்கு இழை சூடாக ஒரு டோச் பேட்டரி போதும், ஆனால் வேலை செய்யத் தொண்ணூறு வோல்ட் வேண்டும். அந்தப் பெரிய பேட்டரியெல்லாம் அப்போதே கடைகளில் இல்லாமல் போயிருந்தது. ஒன்பது வோல்ட் சின்னச் சதுர பேட்டரி பத்தை வரிசையாகக் கோத்தால் தொண்ணூறு. பத்தையும் வாங்கிக்கொண்டேன். நான் புறப்படும்போது பாஸ் என்னைக் கூப்பிட்டு, வாங்கியது ஒவ்வொன்றையும் சிங்களத்தில் ஒரு பில்லில் எழுதி, கீழே கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். “இது இல்லாம போக வாணாம்” என்றார்.

வழியில் ஆர்மிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் பத்து பேட்டரி, ஒரு சுருள் வயர், காதில் மாட்டுகிற போன். ஒரு தமிழன் அந்த வருஷங்களில் இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருந்திருக்கும்! “மே மொனவத?” என்றான் சிப்பாய், இதெல்லாம் என்ன என்று. “ரேடியோ எக்கட்ட, சேர்” என்றேன், ரேடியோவுக்கு என்று. பில்லை நீட்டினேன். வரி வரியாக விரல் வைத்து வாசித்தான். ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தான். கடைசியில் பையைத் திருப்பித் தந்தான். அந்த பாஸ் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

புதன்கிழமை அம்மா அரைநாள் லீவு கேட்டிருந்தாள். என் மனைவியும் கங்காணியிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எனக்கு மறுபடியும் தலைவலி. மூன்று பேருமாக மலை உச்சிக்கு ஏறினோம். ரேடியோவைக் குழந்தையைத் தூக்குவதுபோல நான் தூக்கிக்கொண்டேன், பேட்டரிச் சரத்தை என் மனைவி கொழுந்துக் கூடையில் போட்டுச் சுமந்தாள். மேலே இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே நீளமாக வயர் கட்டினேன். இன்னொரு வயரை ஈரமான வடிகால் கானில் புதைத்தேன். கீழே ஸ்டோர் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. உறுமல் இல்லை.

தொண்ணூறு வோல்ட்டை இழையில் மாற்றித் தொடுத்துவிட்டால் மூன்று வால்வும் ஒரே நொடியில் போய்விடும். வேறு கிடையாது. என் மனைவி ஒவ்வொரு வயராகக் கையில் எடுத்து, “செவப்பு, இது கறுப்பு, நல்லாப் பாத்து வைங்க” என்று சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்கு நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஹெட்போனின் இரும்புப் பட்டியைக் கழற்றி ஒரு காதை அம்மாவிடம் கொடுத்தேன், மற்றதை நான் வைத்துக்கொண்டேன். வயர் குட்டை. அம்மாவின் கன்னமும் என் கன்னமும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் மேல் தேயிலைக் கொழுந்துச் சாற்றின் வாசம். குமிழை மெல்லத் திருப்பினேன். இரைச்சல், இரைச்சல், பிறகு ஒரு பெண் குரல், தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல. பெண்கள் நிகழ்ச்சி. அடுத்து அக்காவின் பெயரைச் சொன்னார்கள். அம்மாவின் விரல்கள் என் கையை இறுக்கின.

“வணக்கங்க” என்றாள் அக்கா.

எட்டு வருஷம். அவளேதான். கொஞ்சம் குரல் தடித்திருந்தது, அவ்வளவுதான். எனக்குக் கண் கரித்தது. அம்மா அசையவில்லை.

“உங்களுக்குச் சொந்த ஊர் எதும்மா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. வால்வு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“துறையூர்ப் பக்கங்க” என்றாள் அக்கா.

துறையூர் எங்கள் தாத்தா கப்பலேறி வந்த ஊர். நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

“பொறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேயேதானா?”

“ஆமாங்க. அங்கதாங்க.”

“என்ன பாடப் போறீங்க?”

“எங்க அம்மா வயல்ல நாத்து நடும்போது பாடுற தாலாட்டுங்க.”

பாடினாள். எனக்கு அந்தப் பாட்டு தெரியும். அம்மா தானே கட்டிய பாட்டு அது. எங்களைப் பிள்ளை மடுவத்தில், தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போகும்போது, நாங்கள் அழுவது மலை வரைக்கும் கேட்குமாம். அங்கிருந்தே சத்தமாகப் பாடுவாளாம். ரேடியோவில் அக்கா பாடினாள்:

‘எட்டுக்காணி வயலுல நெல்லிருக்கு – கண்ணே
எட்டி வர வேணுமுன்னு மனசிருக்கு’

என் கன்னத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் உதடு அசைந்தது. அவளும் கூடவே பாடிக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல், தன்னுடைய சொல்லில்:

‘எட்டாம் நம்பர் மலையில கொழுந்திருக்கு – கண்ணே
எட்டி வர வேணுமுன்னு மனசிருக்கு’

கங்காணி வருகிற இடத்தில் அக்கா பண்ணையார் என்று போட்டிருந்தாள். ராகம் ஓர் இடத்திலும் பிசகவில்லை. பாட்டு முடிந்தது, நன்றி சொன்னார்கள், அடுத்து சமையல் குறிப்பு வந்தது. நான் ஹெட்போனைப் பிடுங்கிப் புல்லில் வீசினேன்.

“பாத்தீங்களா? நம்மளப் பத்திச் சொல்றேன்னு எழுதுனா! ஒரு வார்த்த சொன்னாளா? பொறந்த ஊரயே மறச்சிட்டா! இதுக்கா நான் உசுரக் கொடுத்து…”

“வாய மூடு” என்றாள் அம்மா. என்னை அப்படி அவள் சொன்னதே இல்லை. “முந்துன கடுதாசியில நீதானே வாசிச்ச? சிலோன்காரங்கன்னா வீட்டுக்குப் போலீசு வந்து பேரெழுதிட்டுப் போறாங்க, வாடகைக்கு வீடு குடுக்க மாட்டேங்கிறாங்கன்னு. அத்தன பேருக்கு முன்னாடி அந்தப் பொம்பள திடீர்னு கேட்டா அவ என்னா சொல்லுவா? அவ புள்ளைங்க அங்க பள்ளிக்கூடம் போவணும்ல?”

என் மனைவி கீழே கிடந்த ஹெட்போனை எடுத்துத் துடைத்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அக்காளுக்குக் கடுதாசி எழுதுறப்ப, ரேடியோ சரியா வேல செய்யலன்னு எழுது. கொரகொரன்னு இருந்துச்சு, ராகம் மட்டும்தான் கேட்டுச்சு, பேசுனது ஒண்ணும் வெளங்கலன்னு எழுது.”

“அம்மா, அவ்வளவு தெளிவாக் கேட்டுச்சேம்மா! மூச்சு விட்டதுகூடக் கேட்டுச்சு!”

“கேட்டுச்சு சாமி. நீ கெட்டிக்காரன். ஆனா நம்ம கேட்டோம்னு தெரிஞ்சா அவ செத்துருவா. எழுது.”

அன்றைக்கே எழுதினேன். என் வாழ்நாளில் நான் கட்டிய ரேடியோக்களிலேயே சிறந்த ரேடியோவைப் பற்றி, வால்வு பழசு, எனக்கும் வேலை சரியாகத் தெரியாது, பேச்சு விளங்கவில்லை, ராகம் மட்டும் கேட்டது என்று எழுதினேன். பேனா நகர மாட்டேன் என்றது. அழுதுகொண்டேதான் எழுதினேன்.

பதில் வருவதற்கு ஒன்றரை மாதம் ஆனது. அம்மா அப்போதுதான் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசித்தேன். ‘உன் ரேடியோ லட்சணம் இவ்வளவுதானா தம்பி? கொழும்பில் படித்தவன் என்று பீற்றிக்கொண்டாயே’ என்று கேலி பண்ணியிருந்தாள். அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: ‘அம்மாவிடம் சொல். பேச்சு கேட்காமல் போனது எனக்கு எவ்வளவு கவலை தெரியுமா? நம்ம தோட்டத்துப் பேரைச் சொன்னேன். அம்மா எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிறதைச் சொன்னேன். உன்னையும் சொன்னேன். எல்லாம் சொன்னேன்.’

நான் நிறுத்திவிட்டேன்.

“அந்த எடத்த இன்னொருக்கா வாசி” என்றாள் அம்மா.

வாசித்தேன்.